வாசகசாலைச் செயலாளரின் ஆண்டறிக்கை – பினாங்கு

தலைவர் அவர்களுக்கும் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பொங்கல் விழாவும் பிள்ளைகளின் வாசிப்பு வகுப்பும் நல்லபடியாக நடந்தன. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். இதழ்ச் சந்தா விவகாரத்தை மட்டும் நான் விரிவாகச் சொல்லியாக வேண்டும்.

தமிழ்நாட்டு இதழ்களையும் ஆய்விதழ்களையும் ஒரே முகவர் வழியாகத்தான் வாங்கி வந்தோம். ஒரே பில், ஒரே காசோலை. சந்தா ஜனவரியில் தொடங்குவதால் அக்டோபரிலேயே முழுத் தொகையும் கட்டிவிடுவது வழக்கம். இம்முறை மார்ச் பிறந்தும் ஓர் இதழ்கூட வரவில்லை. வருகைப் பதிவேட்டில் பத்திரிகைப் பெயர்களுக்கு எதிரே கட்டங்கள் காலியாகவே கிடந்தன. முகவரைக் கேட்டால் "கப்பல்ல வருது" என்றார்கள்; அப்புறம் போனையே எடுக்கவில்லை. நம் நூலகப் பொறுப்பாளர் பதிப்பகங்களுக்கே எழுதிக் கேட்டார். "உங்கள் சந்தா டிசம்பரோடு முடிந்தது, புதுப்பிக்கப் பணம் வரவில்லை" என்று பதில் வந்தது. நம் கையில் ரசீது இருக்கிறது, பணம் சென்னைக்குப் போய்ச் சேரவில்லை.

பெரிய பல்கலைக்கழக நூலகங்களே இதில் அடிபட்டிருக்கின்றன. 2003 தொடக்கத்தில் அமெரிக்காவின் ரோகாம், 2014 செப்டம்பரில் நெதர்லாந்தின் ஸ்வெட்ஸ் ஆகிய சந்தா முகவர் நிறுவனங்கள் திவாலாயின. நூலகங்கள் முன்கூட்டிக் கட்டிய பணம் நடுவில் சிக்கிக்கொண்டது. ரோகாம் விழுந்தபோது பல பதிப்பகங்கள் நூலகங்களைக் கைவிடாமல் இதழ்களை அனுப்பின. அதைச் சொல்லி நாமும் ரசீது நகலோடு கேட்டோம். சில பதிப்பகங்கள் இசைந்தன. அந்த நல்ல மனதுக்கு இந்தச் சபையில் நன்றி சொல்கிறேன். வார இதழ்களை லிட்டில் இந்தியா கடைகளில் வாங்கிச் சமாளித்தோம். ஆய்விதழ்கள் கடையில் கிடைக்குமா?

முகவர் நிறுவனம் கலைக்கப்பட்டால் அதன் சொத்தை விற்றுக் கடன்காரர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் லிக்விடேட்டரிடம் நம் பாக்கியைப் பதிவு செய்வோம். ஆனால் அடமானம் பிடித்த வங்கியும் ஊழியர் சம்பளமும் போகத்தான் நம்மைப் போன்றவர்களின் முறை வரும். அதனால் அந்தப் பணத்தை அடுத்த ஆண்டு வரவில் காட்ட வேண்டாம் என்று செயலவையிடம் சொல்லிவிட்டேன்.

ஆய்விதழ்களுக்கு இனி பதிப்பகத்துக்கே நேரடியாகப் பணம் போகும். வங்கிக் கட்டணமும் வேலையும் கூடும்தான், இருந்தாலும் இதில் நான் உறுதியாக இருக்கிறேன். மற்ற இதழ்களுக்கு முகவர் இருக்கட்டும். ஆனால் முதலில் பாதித் தொகைதான், மீதி பதிப்பகத்தின் உறுதிக் கடிதம் வந்த பிறகு. புது முகவரை எடுக்குமுன், நிறுவனங்களைப் பதிவு செய்யும் அரசு ஆணையமான எஸ்எஸ்எம்மில் அவர் நிறுவனத்தின் விவரத்தை வாங்கிப் பார்ப்போம்.

ஜனவரி முதல் மார்ச் வரையிலான இதழ்கள் யார் வீட்டிலாவது இருந்தால் வாசகசாலையில் கொடுத்து உதவுங்கள். அவை சேர்ந்த பிறகுதான் இந்த ஆண்டுத் தொகுதியை பைண்டிங்குக்கு அனுப்ப முடியும்.