உன் பேரை நான் விட்டிருக்க வேண்டும்

கண்ணு,

உன் பேர் எழுதாமல்தான் ஆரம்பிக்கிறேன். நாலு பேர் படிக்கிற இடம் இது. ஏற்கெனவே ஒரு தடவை உன் பேரை இருக்கக் கூடாத இடத்தில் வைத்திருந்தேன், இன்னொரு தடவை வேண்டாம். இது யாருக்கு என்று உனக்குத் தெரிந்துவிடும். மூன்றாவது வரிசை, ஜன்னல் ஓரம். ஒரு காலை மடித்துப் போட்டுத்தான் உட்காருவாய்.

மே 31ஆம் தேதியோடு ஓய்வு பெற்றுவிட்டேன். சால்வை, மாலை எல்லாம் ஆயிற்று. அதற்கு இரண்டு வாரம் முன்னால் பத்தாவது ரிசல்ட் வந்தது. உன்னோடு நாலாவது படித்தவர்களில் ஐந்து பேர் சாயங்காலம் மிட்டாய் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள். உன் மாமன் மகளும் வந்திருந்தாள். வாயில் மிட்டாயைப் போட்டுக்கொண்டு உன்னைப் பற்றிக் கேட்டேன். "அவ பனியன் கம்பெனியில கைமடியா இருக்கா டீச்சர்" என்றாள். டெய்லருக்குக் கூடமாட உதவுகிற வேலை. அந்த மிட்டாயை விழுங்க முடியவில்லை. போகும்போது உன் நம்பரைக் கொடுத்துவிட்டுப் போனாள். அன்றிலிருந்து அது என் போனில் இருக்கிறது. கூப்பிட்டால் முதல் வார்த்தையாக என்ன பேசுவது என்று தெரியாமல்தான் இதை எழுதுகிறேன்.

செங்கல் சூளையைப் பற்றி உனக்கு நான் சொல்ல என்ன இருக்கிறது. தை பிறந்தால் மேஸ்திரி கொடுத்த அட்வான்ஸுக்குக் குடும்பத்தோடு லாரி ஏறுவதும், ஆனி பிறக்கும்போது திரும்பி வருவதும் உன் வாழ்க்கை. எனக்குத் தெரிந்தது பள்ளிக்கூடத்துப் பக்கம் மட்டும்தான். பொங்கல் லீவு முடிந்து கதவைத் திறந்தால் மூன்றாவது வரிசையில் ஜன்னல் ஓரம் காலியாக இருக்கும். இரண்டாவதில் அப்படி, மூன்றாவதில் அப்படி, நாலாவதிலும் அப்படி.

நான் சொல்ல வேண்டியது அந்தப் போன் பற்றி.

2019 ஜூலை, மதியச் சாப்பாட்டு நேரம். ஒன்றாம் வகுப்புக் குட்டிகள் தட்டைத் தொப்பி மாதிரி தலையில் கவிழ்த்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். நான் முட்டையை எண்ணிக்கொண்டிருந்தேன். உன் அப்பா கூப்பிட்டார். இந்த வருஷம் ஊருக்கு வரவில்லை, சூளையிலிருந்து நேராகத் திருப்பூர் வந்துவிட்டோம் என்றார். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் உன்னைச் சேர்க்கப் போனால், கம்ப்யூட்டரில் உன் பேர் எங்கள் பள்ளியில் இருப்பதாகச் சொல்கிறார்களாம், நாங்கள் எடுத்துவிட்டால்தான் அவர்கள் ஏற்ற முடியுமாம். "சர்வர் வேலை செய்யலப்பா" என்றேன். பிள்ளைகளின் பேரும் வருகையும் பதிகிற எமிஸ் என்ற அந்த அரசு இணையதளம் அடிக்கடி படுத்துக்கொள்ளும் என்பது ஊரறிந்த விஷயம், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அன்றைக்கு அது நன்றாகத்தான் ஓடியது. காலையில் அதில்தான் வருகை போட்டிருந்தேன்.

அவர் போனை உன்னிடம் கொடுத்தார். பின்னால் ஏதோ மெஷின் சத்தம். நீ கத்திப் பேசினாய்.

"டீச்சர், என் பேரு அங்கயே மாட்டிக்கிச்சாம். எடுத்து விடுங்க டீச்சர்."

"சரிடா கண்ணு, நாளைக்கே எடுத்து விடறேன்."

"அப்போ நாளான்னிக்கு யூனிபார்ம் போட்டுக்கலாமா டீச்சர்?"

ஆறு வருஷமாக இந்தக் கேள்வி காதில் இருக்கிறது. தட்டு சத்தம் கேட்டால் வரும். திருப்பூர் என்று பஸ்ஸில் போர்டு பார்த்தால் வரும்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். ஒரு பிள்ளை வேறு பள்ளிக்குப் போனால், பழைய பள்ளி அந்தப் பேரை எமிஸில் காமன் பூல் என்ற இடத்துக்கு அனுப்ப வேண்டும். புதுப் பள்ளி அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். அனுப்ப ஒரு நிமிஷம் கூட ஆகாது.

அந்த ஒரு நிமிஷ வேலையை நான் ஏன் செய்யவில்லை? அந்த வருஷம் எங்கள் பள்ளியில் பதிவேட்டில் இருந்தவர்கள் உன்னையும் சேர்த்து 61 பேர். கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்குப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 61 ஆனால் மூன்று. ஆகஸ்ட் 1ஆம் தேதி நிலவரத்தை வைத்துத்தான் பணியிடம் நிர்ணயிப்பார்கள். உன் பேரை ஜூலையில் விட்டிருந்தால் 60. மூன்றாவது டீச்சர் உபரியாகி, பணி நிரவலில் எங்கேயோ போயிருப்பார். ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர். அதில் நான் தலைமை ஆசிரியை, பாதி நாள் படிவம் நிரப்புவதிலும் கூட்டத்துக்குப் போவதிலும் தீர்ந்துவிடும். மிச்ச 60 பிள்ளைகளும் என் பிள்ளைகள்தானே? இதைச் சொன்னால் எந்த ஆசிரியரும் தலையாட்டுவார். நானும் பல ராத்திரி எனக்கே தலையாட்டியிருக்கிறேன்.

ஆனால் ஆகஸ்ட் 1 முடிந்ததே, அப்புறமாவது விட்டேனா? இல்லை. ஒன்றாம் தேதி இருந்த பேர் ஐந்தாம் தேதி இல்லையென்றால் யாராவது கேள்வி கேட்பார்களோ என்று பயம். சுதந்திர தினம் போகட்டும் என்று நினைத்தேன். பிறகு ஏதோ பயிற்சி. செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை, பள்ளியில் யாரும் இல்லாதபோது உட்கார்ந்து அனுப்பினேன். அதற்குள் காலாண்டுத் தேர்வு வந்துவிட்டது. அந்த மாதங்களில் வருகைப் பதிவேட்டில் உன் பேருக்கு நேராக என்ன இருந்தது என்பதை இங்கே எழுத மாட்டேன். உன்னிடம் நேரில் சொல்கிறேன். அதைக் கேட்கிற உரிமை உனக்குத்தான் இருக்கிறது.

எனக்குச் சட்டம் தெரியாது என்று நினைத்துவிடாதே. 2009இல் வந்த அந்தச் சட்டத்தின் 5ஆம் பிரிவு எனக்கு மனப்பாடம். பிள்ளை வேறு பள்ளிக்குப் போகக் கேட்டால் தலைமை ஆசிரியர் உடனே மாற்றுச் சான்றிதழ் தர வேண்டும், தாமதித்தால் அவர் மேல் ஒழுங்கு நடவடிக்கை. பயிற்சி வகுப்பில் மற்ற ஆசிரியர்களுக்கு நானே இதைப் படித்துக் காட்டியிருக்கிறேன். அதே பிரிவில் இன்னொன்றும் இருக்கிறது. சான்றிதழ் வரவில்லை என்ற காரணத்தைச் சொல்லிப் புதுப் பள்ளி சேர்க்கையை மறுக்கவும் கூடாது, தள்ளிப்போடவும் கூடாது. அப்படியானால் அவர்கள் உன்னை உள்ளே உட்கார வைத்திருக்கலாமே? பேரை அப்புறம் ஏற்றியிருக்கலாமே? அந்தப் பள்ளியின் மேலும் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் அவர்களைச் சொல்லி நான் தப்பிக்கப் பார்க்கிறேன் என்பதும் எனக்குத் தெரிகிறது.

கோபம் என்று வந்துவிட்டதால் சொல்கிறேன். உங்கள் வீட்டின் மேலும் இருந்தது. உன் மேலும்தான். ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனால் என்ன? உன் அப்பாவிடம் எத்தனை தடவை கேட்டிருப்பேன்: பாட்டியிடம் விட்டுவிட்டுப் போங்கள், உண்டு உறைவிடப் பள்ளி இருக்கிறது, நானே அழைத்துக்கொண்டு போய்ச் சேர்க்கிறேன் என்று. "தம்பிய யாரு பாத்துக்குவா டீச்சர்" என்று அவர் சொல்வதற்கு முன்னால் நீ சொல்வாய். எட்டு வயதுப் பெண், பெரிய மனுஷி மாதிரி. ஒவ்வொரு ஜூனிலும் ணகரம் னகரத்திலிருந்து உனக்கு ஆரம்பிப்பேன். ஐப்பசி கார்த்திகையில் தடுக்காமல் வாசிக்கத் தொடங்குவாய். தை வந்தால் போய்விடுவாய். எனக்கு வலிக்காதா?

அந்தக் கோபத்தில்தான் நீ திரும்பி வருகிற முதல் நாள் எல்லார் முன்னாலும் கேட்பேன்: "வந்துட்டியா? எல்லாத்தையும் மறந்துட்டு வந்திருப்பியே." பிள்ளைகள் சிரிப்பார்கள். நீ குனிந்து விரல் நுனியைத் தேய்த்துக்கொள்வாய். பச்சைக் கல் புரட்டிப் புரட்டி அந்த விரல்களில் ரேகையே தெரியாது. பென்சில் வழுக்குகிறது என்று ஒரு தடவை சொன்னாய். சாக்கு சொல்லாதே என்றேன்.

மறந்துவிட்டு வந்தாய் என்று நான் சொன்னதே தப்பு. மூன்றாவதில் ஒரு நாள் ஆயிரம் என்றால் எவ்வளவு என்று வகுப்பில் கேட்டேன். நூறு நூறாகப் பத்து என்று புத்தகத்தைப் பார்த்துச் சொன்னார்கள். நீ எழுந்து, "ஒரு வரிசைக்கு ஐம்பது, இருபது வரிசை டீச்சர். நம்ம வகுப்பு கொள்ளாது, வெளியில வெயில்ல பரப்பணும்" என்று கையை விரித்துக் காட்டினாய். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிற வீட்டுப் பிள்ளை. ஆயிரம் எவ்வளவு பெரியது என்று அந்த அறையில் என்னைவிட உனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. நானோ, "சூளைக் கதை வேண்டாம், புத்தகத்தைப் பார்" என்றேன். உனக்குப் பெருக்கல் அங்கிருந்துதான் ஆரம்பித்திருக்க வேண்டும். எல்லாரையும் வெளியே அழைத்துப் போய் மண்ணில் கோடு போட்டு இருபது வரிசை வைக்கச் சொல்லியிருக்கலாம். அன்றைக்கு வெயில் கூட அதிகமில்லை.

உனக்குப் பிறகு சிலவற்றை மாற்றினேன். பெருமைக்குச் சொல்லவில்லை, உன்னால் வந்தவை என்பதால் சொல்கிறேன். தை பிறப்பதற்கு முன்பே, போகப்போகிற பிள்ளைகளின் வீட்டுக்குப் போய் ஒரு தாள் கொடுத்துவிட்டு வருவேன். எமிஸ் நம்பர், என் போன் நம்பர், பிள்ளை எதுவரை வாசிக்கிறது, எந்த வாய்ப்பாடு வரை வருகிறது, கண் சரியாகத் தெரிகிறதா, யாரோடு பேசும் என்று எழுதியிருப்பேன். அம்மாக்கள் அதை ரேஷன் கார்டோடு பிளாஸ்டிக் கவரில் சுற்றி வைத்துக்கொள்வார்கள். ஒரு தடவை திருவள்ளூர் பக்கத்துப் பள்ளியிலிருந்து ஒரு ஆசிரியை கூப்பிட்டார். "ஏழாம் வாய்ப்பாடு வரைக்கும் வரும்னு எழுதியிருந்தீங்க, எட்டுல ஆரம்பிச்சுட்டேன்" என்றார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து உன்னை நினைத்து அழுதேன்.

கரும்பு வெட்டுக்கு வந்தவர்களின் பிள்ளைகள் எங்களிடம் வந்தால், காகிதம் இருக்கிறதா இல்லையா என்று கேட்பதற்கு முன்னால் தட்டைக் கொடுத்து உட்கார வைத்தேன். எந்த ஊர், ஏன் நடுவில் வந்தாய் என்று வகுப்பில் வைத்து யாரும் கேட்கக் கூடாது என்று மற்ற ஆசிரியரிடமும் சொல்லிவைத்தேன். மற்ற ஆசிரியர் என்று ஒருமையில்தான் எழுத வேண்டியிருக்கிறது. யாருக்காக உன் பேரைப் பிடித்து வைத்திருந்தேனோ, அந்த டீச்சர் சீக்கிரமே சொந்த ஊர்ப் பக்கம் மாறுதல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவர் மேல் தப்பில்லை, அவருக்கு இந்த விஷயம் எதுவும் தெரியாது.

நீ அங்கே செப்டம்பரில் சேர்ந்து மார்ச் வரை போனாய் என்றும், கொரோனாவில் மூடிய பிறகு ஆறாவதில் சேரவே இல்லை என்றும் உன் மாமன் மகள் சொன்னாள். கொரோனாவில் நின்ற பிள்ளைகள் எத்தனையோ பேர். நான் ஜூலையிலேயே விட்டிருந்தாலும் நீ நின்றிருக்கலாம். இல்லை, அந்த இரண்டு மாதத்தில் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு வீட்டிலிருந்து பழகாமல் இருந்திருந்தால், ஒரு தோழி கிடைத்திருந்தால், ஆறாவதில் சேர்க்கச் சொல்லி நீயே அப்பாவிடம் அடம் பிடித்திருப்பாய். இரண்டையும் மாற்றி மாற்றி நினைக்கிறேன். ஒரு முடிவுக்கும் வர முடியவில்லை.

இதை எழுதியதற்கு உள்ளுக்குள் இருப்பதைக் கொட்ட வேண்டும் என்பது மட்டும் காரணம் இல்லை. தனித்தேர்வர்களுக்கு எட்டாம் வகுப்புத் தேர்வு நடத்துகிறார்கள். பன்னிரண்டரை வயது முடிந்திருந்தால் யாரும் எழுதலாம், உனக்குப் பதினைந்து. அதில் தேறினால் பத்தாவதும் தனித்தேர்வராக எழுதலாம். புத்தகங்கள் எடுத்து வைத்திருக்கிறேன். போனில் சொல்லிக் கொடுக்க முடியும், முடியாத பாடத்துக்குப் பஸ் ஏறி வருவேன். இனி எனக்குக் கூட்டமும் இல்லை, படிவமும் இல்லை. வேண்டாம் என்று நீ சொல்லலாம். ஷிப்ட் முடித்து வந்து படுத்தால் போதும் என்றிருக்கும், தெரியும். சம்பளத்தை நம்பி வீடு இருக்கும், அதுவும் தெரியும். வேண்டாம் என்றாலும் அதை உன் வாயால் கேட்டுக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை கம்பெனி லீவாமே. பத்து மணிக்குக் கூப்பிடுகிறேன். தூங்கிக்கொண்டிருந்தால் தூங்கு, சாயங்காலம் மறுபடி கூப்பிடுகிறேன். சர்வர் விஷயத்தைத்தான் முதலில் சொல்வேன். அப்புறம் ஒன்று கேட்பேன், யோசித்து வை. நாளான்னிக்கு யூனிபார்ம் போட்டுக்கலாமா என்று நீ கேட்டதற்கு, "போட்டுக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். எத்தனை நாள் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாய்?

டீச்சர்