யாழ்ப்பாணத்தில் பிறந்தால் இந்தியப் பிள்ளை, ராமநாதபுரத்தில் பிறந்தால்?

தமிழ்நாட்டிலிருந்து மக்களவையில் இருக்கும் 39 பேருக்கும், மாநிலங்களவையில் இருக்கும் 18 பேருக்கும்,

வணக்கம். உள்துறை அமைச்சகத்துக்கு எழுத வேண்டிய விஷயம்தான் இது. ஆனால் அங்கே தமிழில் எழுதினால் யார் படிக்கப் போகிறார்கள்? அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் ராமநாதபுரம் மாவட்டத்துக்காரன். என் அப்பா, தாத்தா எல்லாம் இங்கேயே பிறந்து இங்கேயே மண்ணுக்குள் போனவர்கள். என் மனைவி மண்டபம் இலங்கை அகதிகள் முகாமில் வளர்ந்தவள். 2006-ல் சண்டை மறுபடி மூண்டபோது ஏழு வயதில் மன்னார் பக்கமிருந்து அப்பா அம்மாவோடு படகேறி வந்தாள். படகுக்காரர் ராத்திரியோடு ராத்திரியாக தனுஷ்கோடிக்கு அப்பால் ஒரு மணல் திட்டில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். விடிந்த பிறகு நம்ம ஊர் மீனவர்கள்தான் கரைக்கு ஏற்றி வந்தார்கள். பாஸ்போர்ட்டும் இல்லை, விசாவும் இல்லை. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர்களிடம் அதெல்லாம் எங்கே இருக்கும்?

இருபது வருடம் ஆகப்போகிறது. முகாம் பதிவேட்டில் பெயர் இருக்கிறது, மாதாமாதம் பணக்கொடை வந்திருக்கிறது, முகாமைக் கண்காணிக்கும் போலீஸ் கியூ பிரிவுக்காரர்களுக்கு அவளைச் சின்னப் பிள்ளையிலிருந்து தெரியும். பி.காம். படித்தாள். கல்யாணம் கோயிலில் நடந்தது, முறைப்படி பதிவும் செய்தோம். பதிவு செய்யப் போன இடத்தில், "பொண்ணோட பாஸ்போர்ட் எங்கே?" என்று கேட்டு மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். சரி, அது பழைய கதை, விடுங்கள்.

இப்போது அவளுக்கு எட்டாம் மாதம். கர்ப்பிணிகளுக்கு அரசு கொடுக்கும் பிக்மி பதிவு எண் வாங்கியாகிவிட்டது, கிராம செவிலியர் வீடு தேடி வந்து பார்த்துவிட்டுப் போகிறார். அந்த விஷயத்தில் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். என் கவலை பிரசவத்தைப் பற்றியது அல்ல, பிறக்கப்போகிற பிள்ளை எந்த நாட்டுப் பிள்ளை என்பதுதான்.

என் பிள்ளை இந்தியக் குடிமகனாகத்தானே பிறக்கும் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். ஒரு வக்கீல் நண்பர் 1955-ஆம் ஆண்டு குடியுரிமைச் சட்டத்தின் மூன்றாவது பிரிவை எடுத்துக் காட்டினார். 1987 ஜூலை 1-க்கு முன்னால் இந்த மண்ணில் பிறந்திருந்தால், பெற்றவர்கள் யாராக இருந்தாலும் குடிமகன். மண்டபம் முகாமில் 1986-ல் பிறந்த ஒரு பெண்ணுக்கு பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி 2022-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது இந்தக் கணக்கில்தான். அதற்குப் பிறகு 2004 டிசம்பர் 3-க்கு முன்னால் பிறந்திருந்தால், அப்பா அம்மாவில் ஒருவர் இந்தியராக இருந்தால் போதும். அந்தத் தேதிக்கு அப்புறம் பிறந்தவர்களுக்கு ஒருவர் இந்தியராக இருப்பது மட்டும் போதாது. மற்றவர் 'சட்டவிரோதக் குடியேறி'யாக இருக்கவும் கூடாது. செல்லத்தக்க பயண ஆவணம் இல்லாமல் வந்த எந்த வெளிநாட்டவரும் அந்தச் சட்டத்தின் கண்ணில் சட்டவிரோதக் குடியேறிதான். அவர் ஏழு வயதுச் சிறுமியா, எதற்காக ஓடி வந்தாள் என்ற கேள்வியெல்லாம் அதில் கிடையாது.

அவளே முதலில் குடியுரிமை வாங்கிவிட்டால் என்ன என்று கேட்டேன். இந்தியரைக் கல்யாணம் செய்தவர்கள் ஏழு வருடம் இங்கே வாழ்ந்தால் ஐந்தாவது பிரிவின் கீழ் விண்ணப்பிக்கலாம்தான். ஆனால் அந்தப் பிரிவின் வாசலிலேயே 'சட்டவிரோதக் குடியேறி அல்லாத' என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

அப்புறம் நான்காவது பிரிவைப் புரட்டினார் நண்பர். அதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைக்கு அப்பாவோ அம்மாவோ ஒருவர் இந்தியராக இருந்தால் போதும். ஒரு வருடத்துக்குள் அங்கிருக்கும் இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிந்து, பிள்ளைக்கு வேறு நாட்டு பாஸ்போர்ட் இல்லை என்று எழுதிக் கொடுத்தால் அது இந்தியக் குடிமகன். மற்றவர் எப்படி எல்லை தாண்டினார் என்று அந்தப் பிரிவு கேட்கவே இல்லை.

அதாவது, இதே அப்பா, இதே அம்மா, இதே பிள்ளை. யாழ்ப்பாணத்தில் பிறந்து அங்குள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் பதிந்தால் இந்தியன். ராமநாதபுரம் அரசு மருத்துவமனையில் பிறந்தால் இந்தியன் இல்லை.

இதை வீட்டில் சொன்னபோது அவள் சிரித்துவிட்டாள். "அப்போ நான் அங்க போய்ப் பெத்துக்கொண்டு வரட்டோ?" என்றாள். மாமிக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கடலை ஒரு தடவை தாண்டியதே போதும் என்பது அவர் கட்சி. விளையாட்டை விட்டுவிட்டு யோசித்தாலும் நடக்கிற காரியம் அல்ல. சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பாஸ்போர்ட் வாங்க வேண்டும், பிறகு இந்தியாவை விட்டு வெளியேற இங்கே அனுமதி வாங்க வேண்டும். எட்டாம் மாதத்தில் எந்த அலுவலகப் படி ஏறுவது? அப்படியே போனாலும் திரும்பி வர விசா கிடைக்கும் என்று யார் உறுதி சொல்வார்கள்? பிள்ளைக்கு நாடு கிடைத்து, பிள்ளையின் அம்மா அக்கரையில் நின்றுபோனால்?

2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய குடியேற்றச் சட்டத்தோடு ஒரு விலக்கு ஆணையும் வந்தது. 2015 ஜனவரி 9 வரை இங்கே தஞ்சம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு பாஸ்போர்ட், விசா வைத்திருக்க வேண்டும் என்ற விதியிலிருந்து விலக்கு. முகாமில் சிலர் இனிப்புகூட வாங்கினார்கள். நல்லதுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த விலக்கு குடியுரிமைச் சட்டத்துக்குள் எட்டிப் பார்க்கவில்லை. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றுக்கும் 2019-ல் ஒரு வரி சேர்த்தார்களே, அங்கிருந்து வந்த குறிப்பிட்ட சமயத்தவரை சட்டவிரோதக் குடியேறியாகக் கருதக் கூடாது என்று, அந்த வரிதான் வேண்டும். இலங்கை ஏன் இல்லை என்று அன்றைக்கு அவையில் கேட்டவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். மறுபடி கேளுங்கள்.

சட்டத் திருத்தம் என்றால் வருடக் கணக்கில் ஆகும், பிள்ளை அதுவரை காத்திருக்காது. அதனால் இப்போதே செய்யக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். குடியுரிமைச் சட்டத்தின் 5(4) உட்பிரிவு, சிறப்புச் சூழ்நிலை இருப்பதாக மத்திய அரசு கருதினால் எந்த மைனரையும் குடிமகனாகப் பதிவு செய்யலாம் என்கிறது. 'எந்த மைனரையும்'. அதற்குப் புதுச் சட்டமோ வாக்கெடுப்போ தேவையில்லை. இந்தியக் குடிமக்களுக்கும் பதிவு பெற்ற முகாம்வாசிகளுக்கும் பிறந்த பிள்ளைகளை இந்த உட்பிரிவில் எடுத்துக்கொள்ளலாம் என்று மாவட்ட ஆட்சியர்களுக்கு ஒரு சுற்றறிக்கை போனால் போதும்.

இந்தியா தர்ம சத்திரம் அல்ல என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்தில் ஒரு இலங்கைத் தமிழர் வழக்கில் சொன்னார்கள். இருக்கட்டும். ஆனால் இது சத்திரத்தில் தங்க வந்தவரின் பிள்ளை அல்லவே, வீட்டுக்காரன் பிள்ளை.

அடுத்த கூட்டத்தொடரின் கேள்வி நேரத்துக்கு உங்களில் ஒருவராவது எழுதிக் கொடுக்க வேண்டிய கேள்வி இதுதான்: தாய் அல்லது தந்தை இந்தியராக இருந்தும், மற்றவர் இலங்கையிலிருந்து அகதியாக வந்தவர் என்பதால் குடியுரிமை கிடைக்காத பிள்ளைகள் தமிழ்நாட்டில் எத்தனை பேர்? அவர்களில் எத்தனை பேரை 5(4)-ன் கீழ் பதிவு செய்திருக்கிறீர்கள்?

இப்படிக்கு,
ராமநாதபுரம் தொகுதி வாக்காளர் ஒருவர்