வடிந்த பைக்கு அடியில் உங்கள் பத்திரிகை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் பத்திரிகையை எங்கள் வீட்டில் தினமும் 4 தடவை விரிக்கிறோம். வாசிப்பது என்னவோ ஒரு தடவைதான்.

என் மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து 3 வருடம் ஆகிறது. வயிற்றில் பொருத்திய குழாய் வழியாக வீட்டிலேயே டயாலிசிஸ் செய்கிறோம். சி.ஏ.பி.டி. என்று சொல்வார்கள். உள்ளே கிடந்த 2 லிட்டர் திரவத்தை வடித்துவிட்டு, புதுப் பையிலிருந்து 2 லிட்டர் ஏற்ற வேண்டும். இது நாளைக்கு 4 தடவை. வடிந்த பையின் அடியில் பத்திரிகையை வைத்து எழுத்து தெரிகிறதா என்று பார்க்க வேண்டும் என்பது பயிற்சி தந்த சிஸ்டர் சொன்ன பாடம். எழுத்து பளிச்சென்று தெரிந்தால் நிம்மதி. கலங்கித் தெரிந்தால் வயிற்றுக்குள் கிருமி புகுந்திருக்கலாம், உடனே ஓட வேண்டும்.

போன வாரம் அப்படிக் குனிந்து பார்த்தபோது பைக்கு அடியில் கிடந்தது உங்கள் வாசகர் கடிதப் பகுதி. டயாலிசிஸ் குழாய் வெளியே வரும் இடத்தில் ஆன்ட்டிபயாட்டிக் களிம்பு எதற்கு, சுத்தமான தேனைப் பூசினால் போதும், அதிலும் மார்த்தாண்டம் தேன் விசேஷம் என்று ஒருவர் எழுதியிருந்தார். நான் மார்த்தாண்டம் தேன் விற்கிறவன். முப்பது வருடத்துக்கு மேலாகத் தேனீ வளர்க்கிறேன். என் பிழைப்பே அதில்தான். அந்த உரிமையில் சொல்கிறேன்: தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

தேனுக்குக் கிருமியை அடக்கும் குணம் இல்லை என்று நான் சொல்லவில்லை. பெட்டி அடிக்கும்போது கையில் உளி பட்டால் நானும் தேனைத்தான் வைப்பேன். எங்கள் அம்மை தீக்காயத்துக்கு அதைத்தான் வைத்தாள். என் மனைவிக்குக் குழாய் போட்ட புதிதில் எனக்கும் அதே எண்ணம் வந்தது. திருவனந்தபுரத்தில் டாக்டரிடம் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. 'இதை ஆய்வு செய்தே பார்த்துவிட்டார்கள்' என்றார்.

ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 26 மையங்களில் 371 நோயாளிகளைச் சேர்த்துச் செய்த ஆய்வு அது. பெயர் ஹனிபாட். முடிவு 2014-இல் வெளியானது. ஒரு பாதிப் பேருக்குக் குழாய் வாயில் தினமும் மருத்துவத் தேன். மறு பாதிக்கு வழக்கமான பராமரிப்பு. அவர்களில் மூக்கில் ஸ்டாபிலோகாக்கஸ் கிருமி இருந்தவர்களுக்கு மட்டும் மூக்குக்குள் மியூபிரோசின் என்ற ஆன்ட்டிபயாட்டிக் களிம்பு. யாருக்கு எது என்பதை டாக்டரோ நோயாளியோ தேர்ந்தெடுக்கவில்லை, குலுக்கல் மாதிரிதான் விழுந்தது. கடைசியில் பார்த்தால் தேன் பூசியவர்களுக்குத் தொற்று தள்ளிப்போகவில்லை. சர்க்கரை நோய் உள்ளவர்களிடம் தேன் பக்கம்தான் தொற்று அதிகம். என் மனைவிக்குச் சர்க்கரை வந்து 17 வருடம்.

இத்தனைக்கும் அவர்கள் பூசியது கதிர்வீச்சு பாய்ச்சிக் கிருமி நீக்கிய தேன். நான் டின்னில் அடைத்து விற்பது அப்படியல்ல. ரப்பர் தோட்டத்தில் எடுக்கும் எங்கள் தேனில் ஈரம் அதிகம். பக்குவம் பார்க்காமல் வைத்தால் நுரைத்துப் புளித்துவிடும். இதைக் கடைக்கு வருகிறவர்களிடம் சொல்ல எனக்கு வெட்கமில்லை. சாப்பிட வாங்குங்கள், குழாய்க்கு வாங்காதீர்கள்.

குலுக்கிப் போட்டு ஒப்பிட்டுப் பார்ப்பது ஏன் முக்கியம் என்பது எனக்கு ஆஸ்பத்திரிக்கு முன்பே தேனீயிடமிருந்து தெரிந்திருக்க வேண்டும். 1991, 92-இல் இந்தப் பகுதியில் வைரஸ் நோய் வந்து தேனீக்கள் கூட்டம் கூட்டமாக அழிந்தன. அப்போது ஆளுக்கொரு மருந்து. ஒருவர் மஞ்சள் என்றார், இன்னொருவர் வசம்பு என்றார். நானும் எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தேன். பெட்டி பிழைத்தவன் சொன்ன மருந்துதான் ஊரெல்லாம் பரவியது. அதே மருந்தை வைத்தும் பெட்டி காலியானவன் வாயைத் திறக்கவே இல்லை. ஒன்றும் வைக்காமல் பிழைத்த பெட்டியை யாரும் எண்ணவும் இல்லை.

சரி, தேன் வேண்டாம் என்றால் எதுதான் இந்த நோயாளிகளுக்கு உதவியிருக்கிறது? பெரிய திருப்பம் எந்த மருந்தாலும் வரவில்லை, குழாயின் அமைப்பை மாற்றியதில் வந்தது. டென்காஃப் என்ற அமெரிக்க மருத்துவர் 1968-இல் வயிற்றில் நிரந்தரமாக வைக்கும் மெத்தென்ற குழாயைக் கொண்டுவந்தார். டெக்சாஸில் போபோவிச், மான்கிரீஃப் இருவரும் 1976-இல் நடமாடிக்கொண்டே செய்யும் இந்த முறையை முன்வைத்தார்கள். ஆனால் பையை மாட்டிக் கழற்றும் ஒவ்வொரு முறையும் கிருமி உள்ளே போய்க்கொண்டிருந்தது. 1980களின் தொடக்கத்தில் இத்தாலி மருத்துவர்கள் குழாயை ஒய் வடிவக் கவையாக மாற்றினார்கள். இணைத்ததும் முதலில் கொஞ்சம் திரவத்தை வெளியே கழுவி விடுவது, வயிற்றை வடிப்பது, பிறகுதான் ஏற்றுவது. கிணற்று மோட்டாரைப் போட்டதும் முதல் தண்ணீரை ஓடவிட்டுத்தானே குடத்தை வைக்கிறோம்? அவ்வளவுதான் யோசனை. தொற்று வெகுவாகக் குறைந்தது. இன்று நாங்கள் மாட்டுகிற இரட்டைப் பை அதன் பேரப்பிள்ளை.

இந்த முறையில் எனக்குப் பிடித்தது, இதற்குக் கரண்ட் வேண்டாம் என்பது. பை மேலே தொங்க ஒரு கொக்கி, வடிகிற பை கீழே. 2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் அடித்தபோது எங்கள் பக்கம் நாள்கணக்கில் கரண்ட் இல்லை, விழுந்த ரப்பர் மரத்தை வெட்டித்தான் ரோட்டுக்கே வந்தோம். அப்போது என் மனைவிக்கு இந்த நோய் இல்லை. ஆனால் வாரம் மூன்று நாள் இரத்த டயாலிசிஸுக்குப் போகிறவர்கள் அந்த வாரம் என்ன பாடு பட்டிருப்பார்கள் என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன்.

கஷ்டம் வேறு இடத்தில். மாதம் 120 பை, திரவம் மட்டும் 240 கிலோ. தேன் டின் அடுக்கிய முன் அறையில் இப்போது பைப் பெட்டிகள். மாட்டும்போது காற்றில் தூசி பறக்கக் கூடாது என்பதால் ஃபேனை நிறுத்தி, சன்னலைச் சாத்தி, மாஸ்க் போட வேண்டும். ஏப்ரல் மாதம் மத்தியானம் ஒரு மணிக்கு எங்கள் அறைக்குள் யாராவது அரை மணி நேரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். வியர்வை புருவத்திலிருந்து மாஸ்க்குக்குள் வழியும், கையால் துடைக்கவும் முடியாது.

போன வருடம் மழைக்காலத்தில் ஒரு காலை பையைப் பத்திரிகை மேல் வைத்தேன். தலைப்பு எழுத்துகூடத் தெரியவில்லை. கஞ்சித் தண்ணீர் மாதிரி இருந்தது. வயிறு வலிக்கிறது என்றாள். மழை கொட்டியதால் திருவனந்தபுரம் போகாமல் பக்கத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனோம். எது என்று சொல்லிப் பிரயோஜனமில்லை. கலங்கிய பையையும் கையோடு கொண்டுபோயிருந்தேன். அங்கிருந்த இளம் டாக்டர் பையை ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டு, கேஸ் மாத்திரை எழுதித் தந்தார். அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை, இந்தக் குழாயை அவர் அதுவரை பார்த்திருக்கவே மாட்டார். மறுநாள் களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரம் போன பிறகுதான் அந்தத் திரவத்தைச் சோதித்தார்கள். ஒரு மைக்ரோலிட்டரில் வெள்ளணு 100-க்கு மேல், அதில் பாதிக்கு மேல் நியூட்ரோபில் என்ற வகை என்றால் தொற்று என்று எடுத்துக்கொள்வார்களாம். ஆன்ட்டிபயாட்டிக்கைப் பைக்குள்ளேயே கலந்து வயிற்றுக்குள் ஏற்றினார்கள். குழாய் தப்பியது, அவளும் தப்பினாள். ஒரு நாள் வீணாய்ப் போனது.

நோயாளி ஒருவருக்கு வருடத்துக்கு 0.4-க்கு மேல் இந்தத் தொற்று வரக் கூடாது என்பது வயிற்று வழி டயாலிசிஸுக்கான சர்வதேச பெரிட்டோனியல் டயாலிசிஸ் சங்கம் 2022-இல் வைத்த அளவு. அதாவது இரண்டரை வருடத்துக்கு ஒன்று. நம் மாவட்டத்தில் எவ்வளவு என்று யாராவது எண்ணிப் பதிவு செய்ய வேண்டும். ஆராய்ச்சி என்றதும் புதுத் திரவம், புது மெஷின் என்றே பேசுகிறோம். பயிற்சியையும் ஆராய வேண்டாமா? எனக்கு ஐந்து நாள் சொல்லித் தந்தார்கள். ஆறு மாதத்தில் நானே இரண்டு படியை விழுங்கியிருந்தேன், தொற்று வந்த பிறகுதான் அது வெளியே வந்தது. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் பயிற்சி தருகிற செவிலியருக்கும் நோயாளிக்கும் ஒரே சீரான பாடம் வைத்தால் தொற்று குறையுமா என்று பார்க்கவே டீச்-பிடி என்று ஒரு பெரிய ஆய்வை எடுத்தார்கள். நமக்கும் அப்படி ஒன்று வேண்டும், நம் வேர்வையோடும் நம் கிணற்றுத் தண்ணீரோடும்.

அதிகம் செய்தால் அதிக நன்மை என்கிற எண்ணத்தையும் ஆய்வுதான் உடைத்தது. மெக்சிகோவில் 965 பேரிடம் செய்து 2002-இல் வெளியான அடெமெக்ஸ் ஆய்வில், திரவத்தைக் கூட்டிக் கழிவைக் கூடுதலாக வெளியேற்றியும் ஆயுள் கூடவில்லை. சிறுநீர் கொஞ்சம் போய்க்கொண்டிருக்கிறவர்களுக்குக் குறைந்த பையில் தொடங்கலாம் என்று இப்போது சொல்வது இப்படித்தான் வந்தது. என் மனைவிக்கும் முதல் வருடம் 3 பைதான்.

இன்னொரு வேடிக்கை. தேன் ஒரு சொட்டு நாக்கில் படக் கூடாது என்று அவளைத் தடுத்தோம். ஆனால் பைத் திரவத்தில் தண்ணீரை இழுப்பதே சர்க்கரைதான்; ஊறுகாய் மாங்காயில் உப்பு நீரை இழுக்கிற மாதிரி. அதில் நாளைக்கு 100 முதல் 200 கிராம் வரை உடம்புக்குள் போய்விடுகிறது. அதற்கு மாற்றாகச் சோள மாவிலிருந்து எடுக்கும் ஐகோடெக்ஸ்ட்ரின் திரவம் இருக்கிறது. அதைப் போடுகிறவர்களுக்குச் சில வகைக் குளுக்கோமீட்டர்கள் சர்க்கரையைப் பொய்யாகக் கூட்டிக் காட்டும், இதையும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வாழைப்பழமும் அப்படியே. இரத்த டயாலிசிஸ் செய்கிறவர்களுக்குப் பொட்டாசியம் ஏறும் என்று பழத்தைத் தடுப்பார்கள். வயிற்று வழி செய்கிறவர்களில் பலருக்கோ அது குறைந்துவிடுகிறது. குறைந்தவர்களுக்குப் பொட்டாசியத்தைக் கணக்குப் பார்த்துக் கொடுத்தால் வயிற்றுத் தொற்று தள்ளிப்போகிறது என்று தாய்லாந்தில் ஓர் ஆய்வு 2022-இல் சொன்னது. இரத்தப் பரிசோதனையைப் பார்த்த பிறகு டாக்டர் அவளுக்குத் தினம் ஒரு மட்டிப் பழம் அனுமதித்தார். அன்று அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். இதைப் படித்துவிட்டு யாரும் தாங்களாகப் பழத்தை எடுக்க வேண்டாம்.

ஆய்வுகளில் எதை அளக்க வேண்டும் என்று நோயாளிகளையும் வீட்டாரையும் கேட்டே முடிவு செய்த சாங்-பிடி என்ற முயற்சியைப் பற்றியும் அந்த டாக்டர் சொன்னார். தொற்று, இதயநோய், மரணம், இந்த முறையைக் கைவிட நேர்வது ஆகியவற்றோடு ஐந்தாவதாக, நோயாளி தன் வாழ்க்கையில் கலந்துகொள்ள முடிகிறதா என்பதையும் வைத்திருக்கிறார்கள். வீட்டில் வந்து என் மனைவியிடம் கேட்டேன்: 'உன்னிடம் ஆராய்ச்சிக்காரர் வந்தால் என்ன கேட்பாய்?' யோசிக்கவே இல்லை. 'அசனத்துக்குப் போய் பந்தியில இருந்து எழும்பி வரணும். மத்தியானப் பையை அதுக்குத் தக்கன மாத்த முடியுமான்னு கேளுங்க' என்றாள். அசனம் என்றால் ஆலயத்தில் எல்லாரும் கூடி உண்ணும் விருந்து. மூன்று வருடமாக அந்தச் சோறு அவளுக்குத் தூக்குவாளியில்தான் வருகிறது.

ராத்திரி தூக்கத்தில் தானே மாற்றும் மெஷின் உண்டு. விலையைக் கேட்டுவிட்டு வந்துவிட்டேன். நான் கேட்பது அதைவிடச் சின்னது. ரப்பர் தளிர்க்கும் சனவரி முதல் ஏப்ரல் வரைதான் எங்களுக்குத் தேன் காலம். நான் தோட்டம் தோட்டமாகப் பெட்டியோடு அலைவேன். சர்க்கரையால் அவளுக்குக் கண் மங்கல், தனியாகக் குழாயை மாட்ட முடியாது. பிரான்ஸில் இப்படிப்பட்டவர்களுக்கு வீட்டுக்கே செவிலியர் வந்து மாட்டிவிடுகிறார்கள். நம்மிடமும் வழி இல்லாமல் இல்லை. 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டு டயாலிசிஸ் பைகள் கொடுப்பதும் சேர்க்கப்பட்டது. வயிற்று வழி டயாலிசிஸுக்கு மத்திய அரசும் 2019-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. பையோடு வருகிறவர் கொஞ்சம் உட்கார்ந்து நாங்கள் மாட்டுவதைப் பார்த்துத் திருத்தினால் என்ன? அப்படிச் செய்த ஊரிலும் செய்யாத ஊரிலும் எத்தனை பேருக்குத் தொற்று வந்தது என்று ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மாணவர்கள் ஒப்பிட்டுப் பார்க்கலாமே. ஆள் வேண்டுமென்றால் முதல் பெயராக எங்களை எழுதிக்கொள்ளட்டும்.

என் பெயரை மட்டும் வெளியிட வேண்டாம். கல்யாண வீடுகளில் அவளிடம் குழாயைப் பற்றி விசாரிக்கிறார்கள், அவளுக்குப் பிடிக்கவில்லை.

கடைசியாக ஒன்று. சில நாட்களில் உங்கள் பத்திரிகையின் உள்பக்க அச்சு மங்கலாக வருகிறது. அன்றைக்கெல்லாம் பையை ஒரு முறை, பத்திரிகையை ஒரு முறை என்று மாறி மாறித் தூக்கி வெளிச்சத்தில் பார்க்கிறேன். கொஞ்சம் மை கூட்டிப் போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தேனீ வளர்ப்பவர் ஒருவர்,
மேல்புறம், கன்னியாகுமரி மாவட்டம்.