பெரம்பூர் அத்தை

மன்னார்குடி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ படித்த இதழியல் துறைக்கு முன்னாள் மாணவர் குழு அமைக்கிறார்கள், உன்னையும் உறுப்பினராகக் கேட்கிறார்கள், சேரலாமா என்று போனில் கேட்டாய். பதில் சொல்லி முடிப்பதற்குள் உன் ஆபீஸில் கூப்பிட்டு விட்டார்கள். அதனால்தான் இந்தக் கடிதம். சேர்ந்துகொள். ஆனால் எதற்குச் சேர்கிறாய் என்று தெரிந்து சேர்.

பழைய பிள்ளைகளை இப்போது ஏன் தேடுகிறார்கள் என்றும் கொஞ்சம் யோசி. கல்லூரிகளின் தரத்தை அளக்கிற நாக் (NAAC) அமைப்பின் மதிப்பீட்டில் முன்னாள் மாணவர் பங்களிப்புக்கென்று தனித் தலைப்பே இருக்கிறது. சங்கம் பதிவாகியிருக்கிறதா, அது என்ன செய்தது, எவ்வளவு கொடுத்தது என்று பார்ப்பார்கள். ஆகவே சங்கம் இருந்தே ஆக வேண்டும். வருஷத்துக்கு ஒரு அலும்னி மீட், மேடை, பொன்னாடை, குரூப் போட்டோ, மத்தியானம் பிரியாணி. தப்பில்லை, ஃபைலுக்கு அது போதும். நீயும் அதோடு திரும்பி வந்துவிடாதே.

கேமரா வாங்குவதற்கு, கம்ப்யூட்டர் வாங்குவதற்கு என்று கேட்டால் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதே. அதற்கெல்லாம் எப்படியாவது பல்கலைக்கழகத்தில் பணம் வந்துவிடும், டெண்டர் விட்டு வாங்கிவிடுவார்கள். செய்தி அறையில் வேலை பார்க்கிற ஒருத்தரின் போன் நம்பரை டெண்டர் விட்டு வாங்க முடியாது. அது உங்களிடம்தான் இருக்கிறது.

எனக்கு முக்கியமாகப் படுவது இன்டர்ன்ஷிப். சென்னையில் பல இடங்களில் இன்னமும் பைசா கொடுப்பதில்லை, சர்டிபிகேட்தான். மயிலாப்பூரில் சித்தப்பா வீடு இருக்கிற பிள்ளைக்குக் கவலை இல்லை. முத்துப்பேட்டையிலிருந்தோ வலங்கைமானிலிருந்தோ படிக்க வந்த பிள்ளை, ஹாஸ்டலுக்கும் சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் கைக்காசு போட்டு இலவசமாக வேலை பார்க்க வேண்டும். வீட்டில் குறுவைக்கு வாங்கிய கடனே அடைபட்டிருக்காது. நீ போனபோது பெரம்பூரில் உன் அத்தை வீடு இருந்தது. காலையில் டிபன் கட்டிக் கொடுத்து, ராத்திரி பதினோரு மணிக்குக் கதவைத் திறந்துவிட ஒரு ஆள் இருந்தாள். உன் திறமையைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் உன் வகுப்பில் உன்னைவிட நன்றாக எழுதுவாள் என்று நீயே சொல்வாயே, அந்தத் திருத்துறைப்பூண்டிப் பெண், அவள் இப்போது ஜவுளிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருக்கிறாள். அவளுக்குப் பெரம்பூரில் அத்தை இல்லை.

உங்கள் குழு அந்த அத்தையாக இருக்கட்டும். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். முப்பது பேர் மாதம் 500 ரூபாய் போட்டால் வருஷத்துக்கு 1,80,000. ஒரு பிள்ளைக்கு ஒரு மாதத்துக்குப் பத்தாயிரம் என்றால் பதினெட்டுப் பேருக்கு ஆகிறது. யாரோ ஒருவர் ஒரு தடவை லட்ச ரூபாய் கொடுத்துக் கல்வெட்டில் பெயர் போட்டுக்கொள்வதைவிட இது மேல். ஆனால் பணம் பிள்ளையின் வங்கிக் கணக்குக்கு நேராகப் போக வேண்டும். பொதுக்கணக்கில் போய்ச் சேர்ந்தால், பில் பாஸாகி வருவதற்குள் இன்டர்ன்ஷிப்பே முடிந்துவிடும். அப்புறம், தங்குகிற இடத்தையும் பார்க்க வேண்டும். பெண் பிள்ளைகளின் வீட்டில் முதலில் கேட்பது பணத்தைப் பற்றி இல்லை, எங்கே தங்குவாள் என்றுதான்.

நீ அனுப்பியிருந்த அமெரிக்க விவரங்களைப் படித்தேன். மிசௌரியில் 1908-லேயே இதழியல் பள்ளி, கொலம்பியாவில் புலிட்சர் விட்டுப்போன பணத்தில் 1912-இல் இன்னொன்று. அப்படி உயில் எழுதிவைக்க நம் பக்கத்தில் யாரும் இல்லை, விடு. ஆனால் பழைய மாணவர்கள் வந்து உட்கார்ந்து, கடைசி வருஷப் பிள்ளைகள் எழுதியதை ஒவ்வொன்றாகப் படித்து முகத்துக்கு நேரே நல்லது கெட்டது சொல்கிறார்களே, அதைத் தாராளமாகக் காப்பியடிக்கலாம். செலவில்லாத காரியம்.

பாடத்திட்டத்திலும் உங்களால் ஏதாவது செய்ய முடியும். தன்னாட்சிக் கல்லூரிகளில் பாடத்திட்டக் குழுவில் முன்னாள் மாணவர் ஒருவருக்கு இடம் உண்டு. உங்கள் துறையில் எப்படி என்று கேட்டுப் பார். ஜூன் 12 மேட்டூர் திறந்தால் எல்லா கேமராவும் பூத் தூவுகிறவர்களைப் பார்த்துத்தான் நிற்கிறது. அந்தத் தண்ணீர் கடைமடைக்கு எப்போது வரும் என்று கேட்க ஆளில்லை. விநாடிக்கு 11,574 கனஅடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டிஎம்சி, அதாவது நூறு கோடி கனஅடி. இது தெரியாமலே காவிரிச் செய்தி எழுதுகிறார்கள், சில சமயம் அணையின் அடிக்கணக்கையும் டிஎம்சியையும் மாற்றியே போட்டுவிடுகிறார்கள். சம்பா அறுவடை சமயத்தில் பிள்ளைகளை இங்கே அழைத்து வா. ஒரு நாள் முழுக்க நெல் கொள்முதல் நிலையத்தில் உட்காரட்டும். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது காகிதத்தில் எப்படி, பனி பெய்த நெல்லில் எப்படி என்று கண்ணால் பார்க்கட்டும். சாப்பாடு நம் வீட்டில்.

பட்டம் வாங்காத நிருபர்களையும் வகுப்புக்குக் கூட்டி வாருங்கள். 2004 ஜூலையில் கும்பகோணம் பள்ளித் தீ, 94 குழந்தைகள். அதே வருஷம் டிசம்பரில் நாகப்பட்டினத்தில் சுனாமி. இந்த இரண்டு இடத்திலும் என்னைப் போன்ற பகுதிநேர நிருபர்கள்தான் கையில் நோட்டோடு நின்றோம். பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் என்ன கேட்பது, எதைக் கேட்கக் கூடாது என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பக்கத்தில் நின்றே கற்றுக்கொண்டோம். அதை இன்றைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்குச் சொல்ல எங்களில் சிலர் இன்னும் இருக்கிறோம். பேராசிரியர்களுக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும், நீ பேசி வழிக்குக் கொண்டு வா.

இன்னொன்று. துறையில் யாரை வேலைக்கு எடுப்பது, யாருக்கு எவ்வளவு மார்க் என்பதில் குழு தலையிடவே கூடாது. மாணவர் இதழில் எது வர வேண்டும் என்பதிலும்தான். ஒரு பிள்ளை ஹாஸ்டல் தண்ணீர் சரியில்லை என்று எழுதுவான், மேலிடத்தில் கோபம் வரும், அவனைக் கூப்பிட்டு அதட்டுவார்கள். அன்றைக்குப் பெரிய பத்திரிகையில் இருக்கிற நாலு முன்னாள் மாணவர்கள் போன் பண்ணி, செய்தியில் என்ன தப்பு என்று மரியாதையாகக் கேட்டாலே பாதி அடங்கிவிடும். இந்தியரான முத்துசாமி ஐயரை மெட்ராஸ் ஹைகோர்ட் ஜட்ஜாகப் போட்டதை வெள்ளைக்காரர்களின் பத்திரிகைகள் எதிர்த்து எழுதியபோது, நம் திருவையாற்று ஜி. சுப்பிரமணிய ஐயரும் ஐந்து நண்பர்களும் ஒன்றே முக்கால் ரூபாய் கடன் வாங்கி, 1878-இல் 80 பிரதி அச்சடித்தார்கள். ஹிந்து பத்திரிகை அப்படித்தான் ஆரம்பித்தது. அந்த ஆறு பேரில் நாலு பேர் சட்டம் படித்துக்கொண்டிருந்த மாணவர்கள், இரண்டு பேர் ஆசிரியர்கள், எல்லாரும் இளவட்டங்கள்தான். இப்போது இதழ் நடத்துகிற பிள்ளைகளைச் சின்னப் பசங்கள் என்று யாராவது கூட்டத்தில் சொன்னால் இதை எடுத்துச் சொல்.

பதவியில் ரொம்ப நாள் உட்காராதே, இரண்டு வருஷம் போதும். உனக்குப் பின்னால் படித்தவர்களுக்குத்தான் இன்றைய செய்தி அறை நன்றாகத் தெரியும்.

அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. பொங்கலுக்கு மன்னை எக்ஸ்பிரஸில் டிக்கெட் இப்போதே போட்டுவிடு. அந்தத் திருத்துறைப்பூண்டிப் பெண்ணின் நம்பர் இருந்தால் எனக்கு அனுப்பு. அந்தப் பக்கத்துக்குப் பகுதிநேர நிருபர் வேண்டும் என்று தெரிந்தவர் ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். சம்பளம் பெரிதாக இல்லை, அதையும் அவளிடம் முதலிலேயே சொல்லிவிடலாம்.

அன்புடன்,
அப்பா