பட்டாசு வெடிக்காத ஊர் என்பதோடு விட்டுவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தீபாவளி வந்தால் உங்கள் பத்திரிகையில் எங்கள் ஊரும் வந்துவிடும். வேட்டங்குடி சரணாலயத்துப் பறவைகளுக்காகப் பட்டாசு வெடிக்காத கொள்ளுக்குடிப்பட்டி என்று படத்தோடு போடுவீர்கள். படிக்கப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் நாங்கள் செய்வது அது ஒன்றுதான் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் கண்டனூரில் பிறந்து 1983-ல் இங்கே வாக்கப்பட்டு வந்தவள். மாமனார் கண்மாய்க்கு நீர்ப்பாய்ச்சி. மடையைத் திறப்பதும் அடைப்பதும் அவர் பொறுப்பு. மடைக்கல்லில் ஒரு சாண் நீளத்துக்குக் கோடு செதுக்கியிருக்கும். பாசி படிந்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது, தண்ணீருக்குள் கையை விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். மரத்தில் குஞ்சு இருக்கும்போது தண்ணீர் அந்தக் கோட்டுக்கு இறங்கிவிட்டால், யார் வந்து கேட்டாலும் மடையைத் திறக்க மாட்டார். "மரத்தடியில தண்ணி நிக்கிற வரைக்கும்தான் குஞ்சுக்கு உசுரு" என்பார். கருவையைச் சுற்றித் தண்ணீர் நின்றால் நாயும் கீரியும் கிட்டே போக முடியாது. வற்றிவிட்டால் தாய்ப்பறவை கூட்டையே விட்டுவிட்டுப் போய்விடும். ஒரு வருஷம் கடைசித் தண்ணீர் கிடைக்காமல் எங்கள் வயலே கருகியது. மாமியார் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. அப்போதும் அவர் மடையைத் தொடவில்லை.

எனக்கு இது விளங்க நாளாகவில்லை. கண்டனூர்ப் பக்கம் குடிக்கிற ஊருணியில் கால் நனைக்க விடமாட்டார்கள். வரத்துக்கால் ஓரத்தில் அசிங்கம் செய்தவனை ஊரே கூடித் திட்டும். தண்ணீருக்குக் கட்டுப்பாடு உண்டு என்று தெரிந்தேதான் வளர்ந்தேன்.

மாமியாருக்கு வயல் கணக்கு அத்துப்படி. பறவை எச்சம் கலந்த தண்ணீர் பாயும் வயலுக்கு யூரியாவைக் குறைத்துவிடுவார். பக்கத்து வயலைப் பார்த்து நான் ஒரு தடவை கூடப் போட்டுவிட்டேன். பயிர் கருகருவென்று தழைத்து, கதிர் பிடிக்கும் நேரத்தில் அப்படியே சாய்ந்துவிட்டது. வேடந்தாங்கல் ஊர்க்காரர்களுக்கும் இந்த அருமை தெரியும். 1798-லேயே வெள்ளைக்காரக் கலெக்டரிடம் பறவைகளுக்காக எழுதி வாங்கினவர்கள் அவர்கள்.

எங்கள் கண்மாய்கள் 1977-ல் சரணாலயமாயின. ரொம்ப சந்தோஷம். சரி, மடைக்கல்லில் இருக்கும் அந்தக் கோடு எந்த ஏட்டில் ஏறும்?

தேவகோட்டையில் வக்கீலாக இருக்கும் என் தம்பி மகன் சட்டப் புத்தகத்தை எடுத்துக் காட்டினான். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2002-ல் வந்த திருத்தத்தில் 33-பி என்று ஒரு பிரிவு இருக்கிறது. சரணாலயத்துக்கு ஆலோசனைக் குழு அமைக்க வேண்டும், அதில் உள்ளாட்சிப் பிரதிநிதிகள் மூன்று பேர் இருக்க வேண்டும், சுற்றியுள்ள மக்களை எப்படிச் சேர்த்துக்கொள்வது என்றும் அந்தக் குழு யோசனை சொல்ல வேண்டும் என்கிறது. பஞ்சாயத்து சார்பில் போகிறவர்கள் நீர்ப்பாய்ச்சியையும், கரையில் புல் அறுக்கிற பெண்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போனால் என்ன?

ஊரைக் கேட்காமல் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு ராஜஸ்தானில் பரத்பூர் இருக்கிறது. அங்கே பறவைகளுக்குத் தொந்தரவு என்று 1982-ல் எருமை மேய்ச்சலைத் தடுத்தார்கள். கலவரம், துப்பாக்கிச் சூடு என்று உயிர்கள் போயின. அப்புறம் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல வருஷம் ஆராய்ந்து பார்த்தது. மேய ஆளில்லாமல் புல் மண்டித் தண்ணீரை மூடியிருந்தது, பறவைகளும் குறைந்திருந்தன. எருமை புல்லைத் தின்றுதான் நீர்ப்பரப்பு திறந்து கிடந்திருக்கிறது. எருமை மேய்த்தவனுக்கு அது முதலிலேயே தெரிந்திருக்குமே! அந்தச் செய்தியைப் படித்த அன்றைக்கு எனக்கு மனசே ஆறவில்லை.

கர்நாடகத்தில் பிலிகிரி ரங்கன் மலையில் சோளகர்கள் சருகுக்குச் சின்னதாக நெருப்பு வைத்துக் காட்டைச் சுத்தமாக வைத்திருந்தார்கள். அதைத் தடுத்த பிறகு உண்ணிச்செடி மண்டிவிட்டது என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். 2011-ல் அந்த மலைக்காட்டில் அவர்களுக்குச் சமூக வன உரிமை கிடைத்தது. புலிகள் காப்பகத்துக்குள் அப்படிக் கிடைத்தது அதுதான் முதல் தடவை. நாங்கள் பழங்குடிகள் அல்ல, உரிமைப் பட்டயமும் கேட்கவில்லை. கூட்டம் போடும்போது கண்மாய்க் கரையில் போடுங்கள், எங்களையும் உட்கார வையுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

மாமனார் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. அந்தக் கோட்டைத் தடவிப் பார்த்துச் சொல்லக்கூடியவர்கள் ஊரில் இப்போது இரண்டே பேர். ஒருவருக்கு எண்பது வயது தாண்டிவிட்டது, மடைப்படியில் இறங்க ஆள் பிடிக்க வேண்டியிருக்கிறது. ஐப்பசி மழை இறங்குவதற்குள் அவரைக் கூப்பிட்டுக் கேட்கச் சொல்லி, தயவுசெய்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
கொள்ளுக்குடிப்பட்டி, சிவகங்கை மாவட்டம்.