முச்சைக் கயிறும் சைட்டேஷன் ஊசியும்

மல்லாகம்,
யாழ்ப்பாணம்.
மார்கழிக் கடைசி

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மா சுகமாக இருக்கிறா. மழை விட்டதும் கால் நோவு குறைந்துவிட்டது, உன்னை இரண்டு தரம் விசாரித்தா. கிணறு இந்த முறை கட்டுவரைக்கும் நிரம்பியிருக்கிறது. நீ ஜெட் விமானம் ஓட்ட மாறிவிட்டாய் என்று வாசித்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு முற்றத்தில் கொஞ்ச நேரம் நடந்தேன். அவ்வளவு சந்தோஷம்.

இங்கே வாடை நன்றாக விழுந்துவிட்டது. சென்னையிலிருந்து வரும் ஏடிஆர் விமானம் இப்போது எங்கள் பக்கத்தால்தான் பலாலிக்கு இறங்குகிறது. ஓடுபாதையின் இலக்கம் 05/23, அதாவது வடகிழக்கும் தென்மேற்கும். வடகிழக்கிலிருந்து வரும் வாடைக்கு ஒரு முகம், தென்மேற்கிலிருந்து வரும் சோளகத்துக்கு ஒரு முகம். இரண்டாம் உலகப் போரில் அதைப் போட்ட வெள்ளைக்காரர் எங்கள் காற்றைச் சரியாகப் பார்த்துத்தான் போட்டிருக்கிறார்கள். 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தார்கள், அடுத்த வருடமே கொரோனாவோடு சேவை நின்றது, 2022 டிசம்பரில் திரும்பத் தொடங்கியது. இப்போதும் சத்தம் கேட்டால் வெளியே வந்து, மூக்கு எவ்வளவு நிமிர்ந்திருக்கிறது என்று பார்க்காமல் உள்ளே போக மாட்டேன்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். உனக்குப் பழக்குபவர், "இறங்கும் வேகத்தை எழுதி வைக்கும் கார்ட்டில் உள்ள வேகத்தைப் பிடித்தால் போதும், இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணத்தைக் காட்டும் அந்த தாக்குகோண ஊசியைப் பார்க்கத் தேவையில்லை" என்று சொன்னதாகவும், அது சரியா என்றும் எழுதியிருந்தாய். அதற்கு என் மனம் ஒப்பவில்லை.

எங்கள் கொக்குப் பட்டம் ஞாபகம் இருக்கிறதா? வல்வெட்டித்துறையில் பொங்கலன்று ஏற்றிக் காட்ட வேண்டும் என்று நீயும் நானும் மூன்று இரவு இருந்து கட்டியது. பட்டத்தை நூலோடு இணைக்கும் முச்சையில் மேல் கயிறு ஒரு விரல் அளவு நீண்டுவிட்டது. காற்று இருந்தது, நூல் இருந்தது, பட்டத்தில் கட்டிய விண் நார் கூவியது. ஆனால் பட்டம் பின்பக்கம் சாய்ந்து, காற்றை முழு நெஞ்சில் வாங்கி, ஏற மாட்டாமல் ஆடி ஆடிப் பனைக்குள் விழுந்தது. உன் பெரியப்பா வந்து நூலையும் பார்க்கவில்லை, வாலையும் பார்க்கவில்லை. முச்சையைக் கொஞ்சம் சுருக்கினார், அவ்வளவுதான். அடுத்த முறை நிமிர்ந்து ஏறியது. காற்றுக்கு எந்தக் கோணத்தில் முகம் காட்டுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருந்தது.

இறக்கையும் அப்படித்தான். அது ஸ்டோல் ஆவது, அதாவது காற்றைக் கைவிட்டுத் தூக்குவிசையை இழப்பது, ஒரு குறிப்பிட்ட கோணத்தில். பாரம் கூடினாலும் குறைந்தாலும், திரும்பினாலும் நேரே போனாலும் அந்தக் கோணம் மாறுவதில்லை. மாறுவது வேகம். நாங்கள் கார்ட்டில் எழுதும் இறங்கும் வேகமான வி-ரெஃப், ஸ்டோல் வேகத்தின் 1.3 மடங்கு. அந்த ஸ்டோல் வேகம் நாங்கள் நம்பும் பாரத்துக்குக் கணித்தது. பாரம் பிழை என்றால் கார்ட்டும் பிழை. வேகமானிக்கு அது தெரியாது.

சைட்டேஷன் ஜெட்டில் அந்த ஊசி 0-இலிருந்து 1 வரைக்கும் ஓடும். 1 என்றால் ஸ்டோல். இறங்கும்போது 0.6-இல் நிற்க வேண்டும். ஏன் 0.6 என்று ஒருநாள் கடதாசியில் போட்டுப் பார்த்தேன். 1.3-ஐ 1.3-ஆல் பெருக்கினால் 1.69, அதால் 1-ஐ வகுத்தால் 0.59. இறக்கை தரக்கூடிய முழுத் தூக்குவிசையில் ஏறக்குறைய ஐந்தில் மூன்றைத்தான் அப்போது கேட்கிறோம், மிச்சம் கையிருப்பில் இருக்கிறது. கையிருப்பு எவ்வளவு என்று நேரே சொல்வது அந்த ஊசி மட்டும்தான்.

ஒன்று செய்து பார். நல்ல உயரத்தில், இறங்கும் நிலையில் ஃபிளாப்பும் (இறக்கையின் பின் மடிப்பு) சக்கரமும் போட்டு, வி-ரெஃப்பில் நேரே பற. ஊசி 0.6-இல் நிற்கும். பிறகு வேகத்தையும் உயரத்தையும் மாற்றாமல் 30 பாகை சரித்துத் திருப்பு. வேகமானி அசையாது, தாக்குகோண ஊசி 0.68 பக்கமாக ஏறும். கடைசித் திருப்பத்தில் ஓடுபாதையைத் தாண்டிப் போய்விட்டோம் என்று இன்னும் இறுக்கித் திருப்புகிறவர்கள் ஏன் விழுகிறார்கள் என்பது அந்த ஒரு ஊசி அசைவில் தெரிந்துவிடும். 60 பாகைச் சரிவில் உயரம் விடாமல் திருப்பினால் ஸ்டோல் வேகமே 1.41 மடங்கு.

நான் விமானம் ஓட்டும்போது எனக்கு நடந்ததை உனக்கு இதுவரை சொன்னதில்லை. ஒரு இரவு, நிறைய ஆட்களும் பெட்டிகளும் எரிபொருளுமாக வந்து இறங்கிக்கொண்டிருந்தோம். வேகம் கார்ட்டில் உள்ளபடி கச்சிதம். ஊசி மட்டும் 0.65-ஐத் தாண்டி நின்றது. முதலில் ஊசிதான் பிழை என்று நினைத்தேன். உடனே கூட இருந்தவரிடம் கார்ட்டைப் பார்க்கச் சொன்னேன். அது முந்தின பயணத்தின் கார்ட், ஆளில்லாமல் வெறுமனே பறந்த பயணத்தினது. பாரம் 10 வீதத்துக்கு மேல் வித்தியாசம். ஐந்து ஆறு நொட் (மணிக்குக் கடல்மைல்) கூட்டினோம், ஊசி 0.6-க்கு வந்தது, இறங்கினோம். பயணிகளுக்கு ஒன்றும் தெரியாது. நான் அன்றிரவு நித்திரை கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு என் வழக்கம் இதுதான். கார்ட் வேகத்தைப் பிடிப்பேன், விமானம் நிலைப்பட்டதும் ஊசியைப் பார்ப்பேன். இரண்டும் ஒத்துப்போனால் தொடர்வேன். ஒத்துப்போகாவிட்டால் பாரமா, ஃபிளாப்பா, வெளியே நின்று ஊசிக்குக் கோணம் சொல்லும் முளையில் பிழையா என்று கண்டுபிடிக்காமல் இறங்க மாட்டேன், தேவையென்றால் திரும்ப ஏறிவிடுவேன். காற்று அடித்து அடித்து வரும்போது ஊசி துள்ளும். அதன் பின்னால் ஓடாதே, நடுவில் எங்கே நிற்கிறது என்று மட்டும் பார். கண்ணாடிக்குக் கீழே இருக்கும் வெளிச்சக் குறி இன்னும் உதவி: மேலே சிவப்பு, நடுவில் பச்சை வட்டம், கீழே மஞ்சள். தலையைக் குனியாமலே தெரியும்.

வேகம் குறைந்து போவதைக் காட்ட மட்டும்தான் இந்த ஊசி என்று நினைக்காதே. பயத்தில் 10 நொட் கூட்டிக்கொண்டு வருகிறவர்கள்தான் அதிகம். வேகம் 10 வீதம் கூடினால் நிறுத்த வேண்டிய சக்தி 21 வீதம் கூடுகிறது. ஈரமான குட்டை ஓடுபாதையில் அதற்கு இடம் எங்கே?

ஆனால் கனடாக் குளிரில் பறக்கிற உனக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பனிக்கட்டி ஒட்டிய இறக்கை சிறிய கோணத்திலேயே காற்றைக் கைவிட்டுவிடும். சுத்தமான இறக்கைக்குக் குறித்த 0.6 அப்போது உண்மை சொல்லாது. 2014 டிசம்பர் 8-ஆம் திகதி மேரிலாந்தின் கேதர்ஸ்பர்க்கில் ஃபீனம் 100 என்ற ஒரு சிறிய ஜெட் இறங்க வரும்போது ஸ்டோல் ஆகி வீட்டின்மேல் விழுந்தது. உள்ளே இருந்த மூன்று பேரும், வீட்டில் ஒரு தாயும் இரண்டு சிறு பிள்ளைகளும் இறந்தார்கள். இறக்கைப் பனியை உடைக்கும் கருவியை அந்த விமானி போடவில்லை, பனி இல்லாத நாளுக்குரிய வேகத்தில் வந்திருந்தார். அந்தக் கருவியைப் போட்டிருந்தால் ஸ்டோல் எச்சரிக்கையும் முந்தியே அடித்திருக்கும். அந்த அறிக்கையை நான் பல தரம் வாசித்தேன். நீயும் வாசி.

737 மக்ஸ் விமானங்கள் விழுந்ததும் இப்படியான உணரியால்தானே என்று நீ கேட்டதும் நியாயம். 2018-இலும் 2019-இலும் அந்த இரண்டு விமானங்களிலும் 346 பேர் போனார்கள். அங்கே ஒரே ஒரு தாக்குகோண உணரியின் பிழையை நம்பி, கணினி மூக்கை அமுக்கிக்கொண்டே இருந்தது. உன் ஊசி எதையும் அமுக்காது. காட்டும், முடிவு உன் கையில். பறக்க முன் சுற்றிப் பார்க்கும்போது அந்த முளையைக் கையால் திருப்பிப் பார், வெப்பமூட்டி வேலை செய்கிறதா என்று பார். ஆனால் சூட்டில் கை வைத்துவிடாதே.

பொங்கலுக்குப் பக்கத்து வளவுப் பெடியன் எட்டுமூலைப் பட்டம் கட்டுகிறான். முச்சை கட்ட என்னைக் கூப்பிட்டிருக்கிறான், நாளைக்குப் போக வேண்டும். நீ அடுத்த மூன்று இறக்கத்திலும் ஊசி எங்கே நின்றது, கார்ட்டில் என்ன வேகம் என்று குறித்து எனக்கு எழுது.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்