ஹவில்தார்களையும் படிக்க வைங்க

ஆசிரியருக்கு வணக்கம். எங்க அண்ணன் ராணுவத்துல ஹவில்தாரா இருந்து ரிட்டயர் ஆனவர், எல்லையில ராத்திரி பூரா பத்து ஜவான்களைக் கட்டி மேய்ச்ச மனுஷனுக்கு அந்த அனுபவத்தைக் காட்ட ஒரு டிகிரி கூட கையில இல்ல. நீலகிரி வெலிங்டன்ல இருக்கிற பாதுகாப்புப் படை ஸ்டாஃப் காலேஜ்ல படிக்கிற ஆபீசர்களுக்கு சென்னைப் பல்கலைக்கழக எம்.எஸ்சி. பட்டம் கிடைக்குது, ரொம்ப நல்ல விஷயம். ஜவானா சேர்ந்தவங்களுக்கு டேராடூன் ஆர்மி கேடட் காலேஜ் இருக்கு, 3 வருஷம் படிச்சா டெல்லி ஜேஎன்யூ பல்கலைக்கழக டிகிரி, அப்புறம் 1 வருஷ டிரெய்னிங் முடிச்சு ஆபீசராவே ஆகலாம், ஆனா 27 வயசு தாண்டினா அந்தக் கதவு மூடிடுது. அந்த வயசைத் தாண்டி, நாயக், ஹவில்தார், சுபேதார்னு ஆபீசருக்குக் கீழ்ப் பதவிகள்ல படையைத் தாங்குறவங்களுக்கு சர்வீஸ்ல இருக்கும்போதே சம்பளத்தோட லீவு குடுத்து டிகிரி படிக்க வைக்கணும். பாதுகாப்பு அமைச்சகம் இதை தயவுசெஞ்சு யோசிக்கணும்.

– ஒரு வாசகர், வேலூர்